பெயரை எழுதிவிட்டு ஓடுங்கள்

சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளில் நிற்கும் மஞ்சள் பலகைகளில் கிலோமீட்டர் கிடையாது. மணிக்கணக்குதான். அடுத்த ஊருக்கு ஒன்றேகால் மணி, கணவாய்க்கு மூன்றரை மணி என்று அம்புக்குறியோடு எழுதியிருப்பார்கள். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடக்கும் ஒரு கற்பனை மனிதரை வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துப் போடும் கணக்கு இது. நாற்பதைத் தாண்டிய, நாற்காலியில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கற்பனை மனிதர் கொஞ்சம் வேகக்காரர். மலையோட்டக்காரர்களுக்கோ அவர் ஆமை.

ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக 2025 ஆகஸ்டில் அங்கே போயிருந்தேன். பட்டறை முடிந்து கையில் மூன்று நாள் மிச்சமிருந்தது. பெர்ன் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் காண்டர்ஸ்டெக் என்ற கிராமம். அதற்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,578 மீட்டர் உயரத்தில், ஓஷினென் ஏரி. கிராமத்திலிருந்து கம்பிவட வண்டியில் ஏறினால் ஏரிக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள்.

ஏரியைப் பற்றி வர்ணிக்கப் போவதில்லை. நீலமா பச்சையா என்று பார்த்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் நிறம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சுற்றிலும் புளூம்லிசால்ப், ஓஷினென், ஃப்ரூண்டன், டோல்டன் என்று கொம்புகள். கொம்பு என்றுதான் அங்கே சிகரத்துக்குப் பெயர். இவற்றில் இரண்டு 3,600 மீட்டரைத் தாண்டியவை. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வேறு. இந்த ஏரியை உண்டாக்கியது ஒரு மலைச்சரிவு. எப்போதோ ஒரு மலை இடிந்து பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டது. அந்த அடைப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கியது. இன்றும் ஏரியின் நீர் கண்ணுக்குத் தெரியும்படி ஆறாக வழிந்து போவதில்லை. இடிந்து கிடக்கும் பாறைகளின் அடியில் புகுந்து கீழே எங்கோ வெளிப்படுகிறது. புகைப்படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பழைய விபத்தின் மேல் நின்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

வடக்குச் சரிவில், ஏரிக்கு நேர் மேலே ஹொய்பெர்க் என்ற பாதை. ஒருபக்கம் புல்வெளி, மறுபக்கம் பல நூறு மீட்டர் கீழே ஏரி. இங்கேதான் அவர்களை முதலில் பார்த்தேன். முதுகோடு ஒட்டிய சின்னப் பை, மார்புப் பக்கம் இரண்டு மெல்லிய தண்ணீர்ப் புட்டிகள், அரைக்கால் சட்டை. பின்னாலிருந்து ஒரு வணக்கம் கேட்கும். ஒதுங்கி வழிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த வளைவில் இருப்பார்கள். ஆண்களும் பெண்களும், இருபது வயதுக்காரர்களும் அறுபது வயதுக்காரர்களும்.

மலையில் ஓடுவது புதிய பைத்தியம் அல்ல. சியர் ஊரிலிருந்து சினால் வரை 31 கிலோமீட்டர் ஓடும் சுவிஸ் போட்டி 1974இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதைப் பெரும் திருவிழாவாக்கியது 2003இல் தொடங்கிய மோன் பிளாங்க் ஓட்டம். பிரான்ஸின் ஷமொனியில் கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மலையைச் சுற்றித் திரும்ப ஷமொனிக்கு வர வேண்டும். சுமார் 170 கிலோமீட்டர். ஏற்றங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர். நடந்து போகிறவர்கள் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளும் பாதையை வெற்றி பெறுகிறவர் இருபது மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக முடித்துவிடுகிறார். போட்டிக்குப் போகாதவர்களும் வார இறுதிகளில் இப்படி ஏரிகளைச் சுற்றுகிறார்கள். காலையில் கிளம்பி, மேலே ஒரு விடுதியில் சூப், இன்னொன்றில் ஒரு துண்டு ஆப்பிள் கேக், மாலையில் ரயில்.

அந்த 'விடுதி'யில்தான் எனக்குத் தொழில் சிக்கல் வந்தது. ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயர் ஹூட்டெ. அகராதி 'குடிசை' என்கிறது. கல்லால் கட்டி, எழுபது எண்பது பேர் படுக்கும் கட்டடத்தைக் குடிசை என்று எழுதினால் வாசகர் சிரிப்பார். குடில் என்றால் ரிஷி வந்து உட்கார்ந்துவிடுகிறார். விடுதி என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஞாபகம். சத்திரம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் இங்கே சாப்பாடு இலவசமில்லை. கடைசியில் 'சாவடி' என்று வைத்துக்கொண்டேன். வழிப்போக்கர் இறங்கித் தங்குமிடம் என்பதுதான் அதன் பழைய பொருள். சுங்கச் சாவடியும் வாக்குச் சாவடியும் அந்தப் பொருளை விழுங்கிவிட்டன. மலைச் சாவடியாவது அதை மீட்கட்டும்.

சுவிஸ் ஆல்பைன் சங்கம் 1863இல் ஓல்டன் ஊரில் தொடங்கியது. அதே ஆண்டில் டோடி மலையில் தன் முதல் சாவடியைக் கட்டியது. இன்று அந்தச் சங்கத்துக்குச் சுமார் 150 சாவடிகள். ஓஷினென் ஏரிக்கு மேலேயே இரண்டு இருக்கின்றன: தெற்கே 2,562 மீட்டரில் ஃப்ரூண்டன், கிழக்கே 2,800 மீட்டருக்கு மேல் புளூம்லிசால்ப். அரிசியும் மாவும் எரிவாயுவும் ஹெலிகாப்டரில் வருவதால் ஒரு புட்டித் தண்ணீரின் விலையைக் கேட்டால் தாகம் அடங்கிவிடும். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, அங்கே வைத்திருக்கும் பொதுச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். வரிசையாக மெத்தைகள், பக்கத்தில் படுப்பவர் யாரென்று தேர்வு செய்ய முடியாது. இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும். சிகரம் ஏறுகிறவர்களுக்கு அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே காலைச் சாப்பாடு. குளிக்க வசதி பெரும்பாலும் கிடையாது. காப்பாளர் ஊரைவிட்டுப் போகும் குளிர்காலத்திலும் பல சாவடிகளில் ஓர் அறை மட்டும் பூட்டப்படாமல் இருக்கும். அடுப்பு, விறகு, கம்பளி, காசு போட ஒரு பெட்டி. வருகிறவர் யாரென்று கேட்க ஆள் இல்லை. ஆனாலும் கதவு திறந்திருக்கும்.

நான் தங்கியது ஏரிக்கு மேலே உள்ள ஒரு சாவடியில். எது என்று எழுத வேண்டாம் என்று அங்கிருந்த காப்பாளர் கேட்டுக்கொண்டார். ஐம்பதை ஒட்டிய பெண்மணி. 1907 தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அவர்கள் 1918இல் தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்; 1980இல்தான் இரண்டும் ஒன்றாயின. "என் அம்மா சாவடியில் சமைக்கலாம், சங்கத்தில் சேர முடியாது" என்றார் இவர், சூப்பைக் கலக்கியபடி.

மேலே ஏறிப் போய்ச் சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பசிக்கிறதா என்பதல்ல. "புத்தகத்தில் எழுதிவிட்டீர்களா?"

சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலோரம் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம். பெயர், ஊர், எங்கிருந்து வருகிறீர்கள், இங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று கட்டங்கள். நம் ஊர் லாட்ஜ்களில் போலீஸுக்காக எழுதும் பதிவேடு போலத்தான் எனக்குப் பட்டது. இதன் வேலை வேறு. ஒருவர் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது இதைத்தான். எந்தச் சாவடியில் கடைசியாக எழுதினார், அடுத்து எங்கே போவதாக எழுதினார்: இந்த இரண்டும் தெரிந்தால் தேட வேண்டிய மலை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தங்காமல் சூப் குடித்துவிட்டுப் போகிறவர்களும் எழுத வேண்டும் என்பதே மரபு.

ஓடுகிறவர்கள் எழுதுவதில்லை. அதற்குள் கால் தசை குளிர்ந்துவிடும் என்கிறார்கள். கையில் கட்டியிருக்கும் கடிகாரம் செயற்கைக்கோளோடு பேசுகிறது, எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும் என்கிறார்கள். அதற்குத் தெரியும்தான். சாவடிக்குத் தெரியாதே.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் மேகம் இறங்கியது. மேகம் இறங்குவது என்றால் நாம் கொடைக்கானலில் ஜன்னலைத் திறந்து ரசிப்பது போல அல்ல. பத்தடி தள்ளி இருக்கும் பாறையில் வரைந்திருக்கும் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி தெரியாது. அந்தக் குறிகள்தான் பாதை. கூடவே மழை, அரை மணியில் அது பனிக்கட்டி மழையாக மாறியது. நாங்கள் பதினைந்து பேர் உள்ளே உட்கார்ந்து ஈரக் காலுறைகளை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம்.

ஐந்தரை மணிக்குத் தொலைபேசி. ஏரிக்கரையிலிருந்து ஓர் இளம்பெண். தன்னோடு வந்தவர் ஓடி மேலே போனார், நான்கு மணிக்குள் திரும்புவதாகச் சொன்னார், அவருடைய போன் அணைந்து கிடக்கிறது. உங்களிடம் வந்தாரா?

காப்பாளர் புத்தகத்தைப் புரட்டினார். அன்றைய பக்கத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. பகலில் ஓட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள். எல்லோரும் சூப்புக்குக் காசு கொடுத்தார்கள், நன்றி சொன்னார்கள், ஒருவரும் எழுதவில்லை. கூடத்தில் இருந்த எங்களைப் பார்த்துக் கேட்டார்: நீலச் சட்டை, முப்பது வயது, தாடி, யாராவது பார்த்தீர்களா?

நான் பார்த்திருந்தேன். மெதுவாக நடப்பதில் ஒரு லாபம், எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். சாவடிக்கு ஏறும் கடைசி வளைவுகளில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது நீலச் சட்டை ஒன்று என்னைத் தாண்டியது. ரொட்டியைப் பிரிக்கலாமா என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்ததால் நேரம் நினைவிருந்தது: இரண்டு நாற்பது. ஆனால் அவர் சாவடி வாசலுக்குத் திரும்பவில்லை. மேலே, மறுபக்கம் இறங்கும் பாதையைப் பிடித்தார். அப்போது அதை நான் விசேஷமாக நினைக்கவில்லை.

காப்பாளர் புத்தகத்தில் எதையோ எழுதினார். பிறகு மீட்பு நிலையத்துக்கு விஷயத்தைச் சொன்னார். அந்த மேகத்தில் ஹெலிகாப்டர் வராது. கூடத்தில் இருந்த இரண்டு மலைவழிகாட்டிகள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, காயாத பூட்ஸையே மறுபடி மாட்டிக்கொண்டார்கள். கயிறு, விளக்கு, ஃபிளாஸ்கில் டீ. மறுபக்கம் இறங்கும் பாதையின் மேற்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வருவதாகப் போனார்கள். மலையில் ஆபத்திலிருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கைக் காட்ட வேண்டும், அல்லது விசில் ஊத வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு முறை. பதில் மூன்று முறை. கூடத்தில் ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஏழேகால் மணிக்கு மறுபடி தொலைபேசி. நீலச் சட்டைக்காரர் மறுபக்கப் பள்ளத்தாக்கில் பத்திரமாக இறங்கிவிட்டார். மேகத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்புவதைவிட அந்தப் பக்கம் இறங்குவது மேல் என்று முடிவு செய்திருக்கிறார். முடிவு தவறில்லை. குளிரில் போனின் மின்கலம் செத்துவிட்டது. இரவல் போனில் தோழியிடம் பேசினார். தோழி எங்களிடம் பேசினாள். வழிகாட்டிகள் எட்டு மணிக்குத் திரும்பினார்கள். ஒருவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. காப்பாளர் அவர்களுக்கு மட்டும் இரண்டாம் முறை சூப் ஊற்றினார்.

எனக்குத்தான் கோபம் வந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? அதைச் சொன்னபோது அந்த அம்மாள் மறுத்தார். "ஓடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டமில்லாத பகலில் வருகிறார்கள். சாமான் அதிகம் கேட்பதில்லை. தங்காததால் தண்ணீரும் மிச்சம்." உயரத்தில் உள்ள பல சாவடிகளுக்குத் தண்ணீர் தருவது பனித்திட்டுகள்தான். அவை சீக்கிரம் கரைந்துவிடுவதால் கோடையின் பிற்பகுதியில் தட்டுப்பாடு. "அவர்கள் மலையைத் தெரியாதவர்களும் அல்ல. ஆனால் நேற்றைய மலையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். இன்றைய மலையை இங்கே கேட்டால்தான் தெரியும்."

இது அலங்காரப் பேச்சல்ல. ஏரிக்குத் தென்மேற்கே ஸ்பிட்ஸெ ஸ்டை என்றொரு முகடு. அதன் பாறைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது உள்ளே உறைந்திருந்த பனி. அது இளகுவதால் ஒரு கோடி கனமீட்டருக்கும் மேற்பட்ட பாறை மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. 2018 முதல் ரேடார் உள்ளிட்ட கருவிகளை வைத்து நகர்வை அளக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ள பாதைகளை மூடியிருக்கிறார்கள். காண்டர்ஸ்டெக் கிராமத்தின் ஒரு பகுதியில் புதிதாக வீடு கட்டத் தடை. இதே மலைத்தொகுதியில், பனியாறுகளுக்கு நடுவே இருந்த முட்ஹார்ன் சாவடியைச் சில ஆண்டுகளுக்கு முன் மூட வேண்டியதாயிற்று. பின்னாலிருக்கும் பாறை எப்போது விழும் என்று சொல்ல முடியவில்லை. காண்டர்ஸ்டெக்கிலிருந்து ரயில் சுரங்கம் வழியாக மலைத்தொடரின் தென்பக்கம் போனால் லோட்ஷென் பள்ளத்தாக்கு. அங்கே 2025 மே 28 அன்று பாறைச் சுமை தாங்காமல் ஒரு பனியாறு இடிந்து பிளாட்டன் கிராமத்தை மூடியது. சுமார் 300 பேரை அதற்குச் சில நாட்கள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். அதனால்தான் இறந்தவர் ஒருவரோடு போயிற்று. மலையை யாரோ உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பிய உயிர்கள் அவை.

அப்படி யாரும் இல்லாத மலையில் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம். 172 பேர் ஓடினார்கள். நடுப்பகலில் திடீரென்று குளிர்காற்று, மழை, ஆலங்கட்டி. பலர் அரைக்கால் சட்டையிலும் மெல்லிய பனியனிலும் இருந்தார்கள். ஏற்றத்தில் ஒதுங்க இடமில்லை. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். ஆறு பேரைக் காப்பாற்றியவர் அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் இடையர். மழைக்கு ஒதுங்கத் தாம் வைத்திருந்த குகைக்குள் அவர்களைக் கொண்டுவந்து நெருப்பு மூட்டினார். ஒரு குகை, கொஞ்சம் விறகு, ஒரு மனிதர். சாவடி என்பது அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தபோது மலைபடுகடாம் பாடமாக இருந்தது. பரிசு பெற்று வரும் கூத்தர் இனிப் போகவிருக்கும் கூத்தருக்கு மலைவழி சொல்லும் பாட்டு. பன்றிப் பொறி எங்கே, பாம்பு எங்கே, தினைக் காவலர் வீசும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, யார் வீட்டில் உணவு கிடைக்கும், இரவில் எந்தக் குகையில் தங்கலாம் என்று வரிசையாகச் சொல்லும். பரீட்சைக்கு அதை நன்னனின் பெருமை என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். அது மலைக்குள் போகிறவனிடம் முன்னால் போனவன் ஒப்படைக்கும் பத்திரக் குறிப்பு என்பது இந்தச் சாவடியில்தான் உறைத்தது. வேகமாகப் போகிறவன் தனியாகப் போவதில்லை. அவனுக்காக யாரோ ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அவன் தர வேண்டியது சூப்புக்கான காசு மட்டுமல்ல. இன்னார், இந்தப் பக்கம் போகிறேன் என்ற ஒரு வரியும்தான்.

மறுநாள் காலை வானம் கழுவி விட்டது போலிருந்தது. கிளம்பும்போது மறக்காமல் புத்தகத்திடம் போனேன். 'அடுத்து எங்கே' கட்டத்தில், ஏரி, பிறகு கம்பிவட வண்டி என்று எழுதினேன். கீழே இறங்கும் பாதையில் ஓரிடம் ஈரமாக இருக்கும், அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்றார் காப்பாளர்.

எனக்கு மேலே இருந்த வரியை அப்போதுதான் கவனித்தேன். முந்தைய மாலை அவர் எழுதியது. என்னவென்று கேட்டேன், படித்துக் காட்டினார். பெயர் கட்டத்தில் ஒரு கோடு. 'ஆண், ஓடுபவர், நீலச் சட்டை. 2.40. மறுபக்கம்.' பிறகு, பார்த்தவர் என்று என் பெயர். ஜெர்மன் எழுத்தில் அது இன்னும் ஒரு எழுத்துக் கூடுதலாகியிருந்தது. நான் திருத்தவில்லை.